குடுமியான்மலைப் பாறையும் ஒரு ரப்பர் பேண்டும்

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவில் இருக்கிறது குடுமியான்மலை. அங்கே மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறைச் சரிவில், ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இசைக் கல்வெட்டு உள்ளது. பல்லவ கிரந்த எழுத்தில், ஏழு பிரிவுகளாக ஸ்வர வரிசைகள். உருத்திராச்சாரியாரின் மாணவரான மன்னர் ஒருவர் மாணாக்கர் நலனுக்காக இவற்றை இயற்றினார் என்கிறது அதன் முடிவு வாசகம். அவர் மகேந்திரவர்ம பல்லவர் என்பாரும் உண்டு, மறுப்பாரும் உண்டு.

மாணாக்கருக்காக வெட்டிய பாறை. ஒலியைப் பற்றிய முதல் பாடத்தைப் பிள்ளைகளுக்கு இங்கிருந்தே தொடங்கலாம்.

‘ஒலி என்பது அதிர்வு’ என்று எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வதில் பயனில்லை. தொண்டையில் விரலை வைத்து ‘ம்ம்ம்’ என்று முனகச் சொல்லுங்கள். அதிர்வு விரலுக்கே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அந்தச் சொல்லைத் தந்தால் போதும்.

பிள்ளைகள் தடுமாறுவது அடுத்த படியில்தான். மேல் ஸ்வரம் பாடு என்றால் பெரும்பாலும் கத்துவார்கள். உரத்த ஒலியும் உயர்ந்த சுருதியும் அவர்களுக்கு ஒன்றுதான். இதைப் பிரித்துக் காட்ட ஒரு டிபன் பாக்ஸ் போதும். மூடியை எடுத்துவிட்டு, வாயின் குறுக்கே ரப்பர் பேண்டை மாட்டி, மெல்லச் சுண்டுங்கள். பிறகு பலமாக. சத்தம் கூடும், ஸ்வரம் ஏறக்குறைய அதேதான். இப்போது பேண்டின் நடுவில் விரலால் அழுத்திப் பிடித்து, ஒரு பாதியை மட்டும் சுண்டுங்கள். ஸ்வரம் தாவி மேலே போகும். அதிரும் நீளம் பாதியானால் அதிர்வு இரு மடங்கு வேகமாகும்; கீழ் ஸட்ஜம் மேல் ஸட்ஜமாகிவிடும். மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் பஞ்சமம் கிடைக்கும். பின்னக் கணக்கு காதில் கேட்கிற இடம் இது, அவசரப்படாதீர்கள்.

ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இன்னும் அகலமான பாத்திரத்தில் அதே பேண்டை மாட்டினால் சுருதி நிச்சயம் ஏறும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டாம். இழுவிசை கூடும்போது நீளமும் கூடுவதால், பல நேரம் சுருதி பெரிதாக மாறாது. ‘ஏன் சார் மாறலை?’ என்று ஒரு பிள்ளை கேட்டால், அன்றைய வகுப்பை அந்தக் கேள்விக்கே விட்டுவிடுங்கள்.

குடுமியான்மலைக்குச் சுற்றுலா போகும் பள்ளிகள் இந்த டிபன் பாக்ஸையும் கொண்டுபோகலாம். கல்வெட்டைத் தொடாமல் தள்ளி உட்கார்ந்து சுண்டிப் பார்க்கட்டும்.