இருதயக் கதவில் சுண்ணாம்பு!

நெஞ்சைப் பிளக்காமல் புதுக் கதவு வைத்த டாக்டர்

2002-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந் தேதி. பிரான்சு நாட்டில் உள்ள ரூவான் நகரம். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் 57 வயது மனிதர் ஒருவர் சாகும் தறுவாயில் கிடந்தார்.

நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தால் தாங்கமாட்டார் என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

அவருக்கு என்ன வியாதி?

இருதயத்தில் இருந்து பெரிய ரத்தக் குழாய் ஒன்று புறப்படுகிறது. அதன் பெயர் பெருந்தமனி. உடம்பு முழுவதற்கும் ரத்தம் போவது அதன் வழியாகத்தான்.

அதன் வாசலில் ஒரு கதவு இருக்கிறது. அதற்கு 3 இதழ்கள். ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் தடவை அது திறந்து மூடுகிறது!

வயதாக ஆக, சிலருக்கு இந்த இதழ்களில் சுண்ணாம்புச் சத்து படிகிறது. (இது வெற்றிலைச் சுண்ணாம்பால் வருவது அல்ல.) இதழ்கள் கல் போல இறுகுகின்றன. 3 அல்லது 4 சதுர சென்டிமீட்டர் திறக்கவேண்டிய வாசல், 1 சதுர சென்டிமீட்டருக்கும் கீழே சுருங்கிவிடும். இந்தச் சுண்ணாம்பைக் கரைக்க மருந்து கிடையாது.

பலூன் வைத்தியம்

அந்த ஆஸ்பத்திரியில் அலன் கிரிபியே என்ற டாக்டர் இருந்தார். 1985-ம் ஆண்டிலேயே அவர் ஒரு வழி கண்டார். சிறு பலூனை ரத்தக் குழாய் வழியாகச் செலுத்தி, ஊதி, இறுகிய கதவைத் திறந்தார். ஆனால் சில மாதங்களில் கதவு மறுபடியும் சுருங்கியது.

"திறந்தால் போதாது. உள்ளே புதுக் கதவு வைக்கவேண்டும்" என்று அவர் எண்ணினார்.

நடக்காத காரியம் என்றார்கள் பலர். அவர் விடவில்லை. மாட்டின் இருதய உறையில் இருந்து இதழ்கள் செய்து, கம்பி வலைக் கூட்டில் தைத்து, புதுக் கதவு தயாரானது. முதலில் ஆடுகளுக்கு வைத்துப் பார்த்தார்கள்.

தொடை வழியே...

அன்று அந்தக் கதவைச் சுருக்கி, நோயாளியின் தொடையில் உள்ள ரத்தக் குழாய் வழியாக இருதயத்துக்குள் கொண்டு போனார் கிரிபியே. பலூனை ஊதினார். கூடு விரிந்தது. பழைய கதவை ஒதுக்கிக்கொண்டு புதுக் கதவு வேலை செய்யத் தொடங்கியது!

அந்த மனிதர் 17 வாரம் உயிரோடு இருந்தார். பிறகு வேறு கோளாறால் இறந்தார். புதுக் கதவு பழுதாகவில்லை.

கிரிபியே 2024-ம் ஆண்டில் காலமானார். அவர் காட்டிய வழியில் உலகம் எங்கும் லட்சக்கணக்கானோர் பிழைத்திருக்கிறார்கள்.

கவனியுங்கள்!

வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? நெஞ்சு வலிக்கிறதா? மயக்கம் வருகிறதா? வயதாகிவிட்டது என்று சும்மா இருந்துவிடாதீர்கள். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டாலே, பெரும்பாலும் சந்தேகம் தட்டிவிடும்.