உங்களுக்குத் தெரியுமா?
'டெல்' என்றால் முதலில் எண்ணுதல்!

'சொல்' என்ற பொருளில் நாம் அன்றாடம் பயன்படுத்தும் ஆங்கிலச் சொல் 'டெல்'. பழைய ஆங்கிலத்தில் அதற்கு எண்ணுதல் என்ற பொருளும் இருந்தது. நடந்ததை ஒவ்வொன்றாக எண்ணி அடுக்குவதுதானே விவரிப்பது!

● ஏ.டி.எம். என்பதன் நடுவில் நிற்கும் 'டி', டெல்லரைக் குறிக்கிறது. வங்கியில் பணத்தை எண்ணித் தருபவர், வாங்குபவர் டெல்லர். அந்த வேலையை இயந்திரம் செய்வதால் இந்தப் பெயர்.

● பிரிட்டன் மக்களவையில் வாக்கெடுப்பின்போது தலைகளை எண்ணும் உறுப்பினர்களுக்கும் டெல்லர் என்றே பெயர். ஒவ்வொரு தரப்புக்கும் இருவர்.

● ஜெபமாலை உருட்டுவதை 'டெல்லிங் பீட்ஸ்' என்பார்கள். மணிகளை ஒவ்வொன்றாக எண்ணுவது என்று அர்த்தம்.

● 'அன்டோல்ட் வெல்த்' என்றால் சொல்லப்படாத செல்வம் அல்ல, எண்ணிலடங்காச் செல்வம்.

● டச்சு மொழியில் இதன் உறவுச்சொல்லான 'டெல்லன்' இன்றும் எண்ணுதலையே குறிக்கிறது.



பேசும்போது கவனிக்க: 'டெல்' என்றால் யாரிடம் என்பது உடனே வர வேண்டும். 'டெல் மீ' சரி. 'டெல் டு மீ' தவறு. 'சே' அப்படியல்ல, அதற்கு 'டு' வேண்டும்: 'சே இட் டு மீ'. ஆனால் உண்மை, பொய், கதை ஆகியவற்றுக்கு ஆள் குறிப்பிடாமலே 'டெல்' வரும்: 'டெல் த ட்ரூத்'. இந்த வேறுபாடு பழகிவிட்டால் ஆங்கிலப் பேச்சில் பாதித் தயக்கம் போய்விடும்.