மானியம் வருது... முன்பணம் எங்கே?

மரக்காணத்திலிருந்து புதுச்சேரி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது அனுமந்தை. அந்தப் பக்கமெல்லாம் உப்பளமும் சவுக்குத் தோப்பும்தான். மழைக்காலம் வந்தால் பாத்திகளில் தண்ணீர் தேங்கிவிடும். உப்பு வாரும் வேலை கிடையாது, கூலியும் கிடையாது. ஆனால் அடுப்புக்கு ஏது லீவு?

2016-ல் வந்த உஜ்வலா திட்டம், ஏழைப் பெண்களின் பேரிலேயே டெபாசிட் இல்லாமல் கேஸ் இணைப்புத் தந்தது. நல்ல காரியம்தான். 2020-ல் பெரும்பாலான வீடுகளுக்கு மானியம் நின்றுபோனது. உஜ்வலா வீடுகளுக்கு மட்டும் 2022 மே மாதம் சிலிண்டருக்கு 200 ரூபாய் அறிவித்தார்கள். 2023 அக்டோபரில் அதை 300 ஆக்கினார்கள்.

சரி, அந்த 300 எப்போது கைக்கு வரும்? முதலில் முழு விலையையும் கொடுத்தாக வேண்டும். பிறகுதான் பேங்க் கணக்கில் ஏறும். 2025 ஏப்ரலில் சென்னை விலை 868 ரூபாய் 50 காசு. மாதச் சம்பளக்காரர் எப்படியோ சமாளித்துவிடுவார். அன்றாடங்காய்ச்சிக் குடும்பம் என்ன செய்யும்? காலி சிலிண்டர் மூலையில் நிற்க, சவுக்கு மிளாறு மறுபடி அடுப்பேறும். புகை தாயையும் விடாது, இடுப்பிலிருக்கும் குழந்தையையும் விடாது.

யாருக்கு மானியம் என்று ஊரே வாதாடுகிறது. எப்போது கிடைக்கிறது என்பதும் நியாயத்தில் சேர்ந்ததுதானே?

சகோதரிகளே, ஒரு யோசனை. உஜ்வலாவில் 14.2 கிலோவுக்குப் பதில் 5 கிலோ சிலிண்டரும் உண்டு. மானியம் எடைக்குத் தக்கபடி. ஒரே தடவையில் புரட்ட வேண்டிய பணம் குறையும். உங்க வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மாவிடமும் இதைச் சொல்லுங்களேன்!