ஒரிஜினலா, கம்பேட்டிபிளா? இங்க் வாங்கும் முன் பிரின்டரின் 'ஹெட்' எங்கே இருக்கிறது என்று பாருங்கள்!

இரவு 9 மணி. "அம்மா, நாளைக்கு புராஜெக்ட் சப்மிட் பண்ணணும்" என்று பிள்ளை வந்து நிற்கிறது. பிரின்டரை ஆன் செய்தால், இங்க் தீர்ந்துவிட்டதாக விளக்கு மினுக்குகிறது. அவசரமாகக் கடைக்கு ஓடினால், அங்கே ஒரிஜினல் கார்ட்ரிட்ஜ் ஒரு விலை, கம்பேட்டிபிள் அதைவிடப் பல மடங்கு குறைவான விலை. "ரெண்டும் ஒண்ணுதான் மேடம்" என்பார் கடைக்காரர்.

உண்மையிலேயே இரண்டும் ஒன்றுதானா? சில பிரின்டர்களில் தைரியமாகக் கம்பேட்டிபிள் வாங்கலாம். சிலவற்றில், மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய் பிரின்டருக்கே வேட்டு வைத்துவிடும். உங்கள் வீட்டுப் பிரின்டர் எந்த வகை என்று தெரிந்துகொண்டால் முடிவெடுப்பது சுலபம்.

கடையில் கிடைப்பவை என்னென்ன?

பிரின்டர் நிறுவனமே தயாரிப்பது ஒரிஜினல். வேறு நிறுவனம் புதிதாகத் தயாரிப்பது கம்பேட்டிபிள். காலியான ஒரிஜினல் கார்ட்ரிட்ஜைச் சுத்தம் செய்து, மீண்டும் இங்க் நிரப்பி விற்பது ரீமேனுஃபேக்சர்டு. நம் கார்ட்ரிட்ஜிலேயே ஊசி மூலம் இங்க் ஏற்றித் தருவது ரீஃபில்.

ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. அதுதான் போலி. ஒரிஜினல் மாதிரியே பெட்டி, ஒரிஜினலுக்கு நெருக்கமான விலை, உள்ளே என்ன இங்க் என்று யாருக்கும் தெரியாது. கம்பேட்டிபிளை அதன் சொந்தப் பெயரில் வாங்குவதில் ஏமாற்று இல்லை. போலியில் பணமும் போகும், பிரின்டரும் கெடும்.

ஹெட் எங்கே இருக்கிறது?

தலைமுடியைவிட மெல்லிய துளைகள் வழியாக இங்க்கைக் காகிதத்தில் தெளிக்கும் பகுதிதான் பிரின்ட் ஹெட். தரமில்லாத இங்க் முதலில் அடைப்பது இந்தத் துளைகளைத்தான்.

ஹெச்.பி 803, கேனான் பிஜி-745 போன்ற கார்ட்ரிட்ஜ்களில் ஹெட், கார்ட்ரிட்ஜோடு சேர்ந்தே வருகிறது. செம்பு நிறப் பட்டையும், அடியில் சிறிய உலோகத் தகடும் இருந்தால் அது இந்த வகை. இங்க் மோசமாக இருந்து ஹெட் அடைத்துக்கொண்டாலும், நஷ்டம் அந்தக் கார்ட்ரிட்ஜோடு போய்விடும். புதிது மாட்டினால் புது ஹெட். எனவே, இந்த வகையில் ரீஃபில் செய்து பார்ப்பதில் பெரிய ஆபத்து இல்லை. ஆனால், ஹெட்டும் தேயும் என்பதால் ஒரே கார்ட்ரிட்ஜைத் திரும்பத் திரும்ப நிரப்ப முடியாது. எழுத்தில் கோடு விழ ஆரம்பித்தால் மாற்றிவிட வேண்டும்.

இங்க் டேங்க் பிரின்டர்களின் கதை வேறு. எப்சன் எல்3210, எல்3250 போன்றவற்றில் ஹெட் பிரின்டருக்குள்ளேயே நிலையாக இருக்கிறது. கேனான் ஜி சீரிஸ், ஹெச்.பி ஸ்மார்ட் டேங்க் பிரின்டர்களில் ஹெட்டைக் கழற்றி மாற்றலாம், ஆனால் அதைத் தனியாக வாங்க வேண்டும். இவற்றில் ஹெட் போனால் செலவு பெரிது.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். கேனான் பிஜி-745 கறுப்பு கார்ட்ரிட்ஜில் இருப்பது சுமார் 8 மி.லி. இங்க், நிறுவனம் சொல்வது சுமார் 180 பக்கம். எப்சன் 003 கறுப்பு பாட்டிலில் 65 மி.லி.; சுமார் 4,500 பக்கம். டேங்க் பிரின்டரில் ஒரிஜினல் இங்க்கே பக்கத்துக்குச் சில பைசாக்கள்தான். அங்கே கம்பேட்டிபிள் வாங்கி மிச்சப்படுத்துவது சொற்பம், ஆபத்தோ அதிகம். கார்ட்ரிட்ஜ் பிரின்டரில் நேர்மாறு: மிச்சம் அதிகம், ஆபத்து குறைவு.

தண்ணீர் பட்டால் அழியுமா?

இங்க்கில் டை, பிக்மென்ட் என இரண்டு வகை. சாயம் கரைந்திருப்பது டை. ஈரம் பட்டால் எளிதில் கலையும். நுண்துகள்களாக நிறமி கலந்திருப்பது பிக்மென்ட். ஈரத்தை ஓரளவு தாங்கும். பல பிரின்டர்களின் ஒரிஜினல் கறுப்பு இங்க் பிக்மென்ட் வகை. அதற்குப் பதில் ரீஃபில் கடையில் டை இங்க்கை நிரப்பிவிட்டால், விண்ணப்பமோ ஹால் டிக்கெட்டோ வியர்வைக் கை பட்டாலே மசிந்துவிடும். இரண்டையும் கலந்தால் அடைப்பு வரவும் வாய்ப்புண்டு. ரீஃபில் செய்யும் முன், "பிக்மென்ட்டா, டையா?" என்று கேளுங்கள். பதில் தெரியாத கடை என்றால் வேறு கடை பாருங்கள்.

திடீரென 'ஏற்க முடியாது' என்றால்?

கார்ட்ரிட்ஜில் உள்ள சிப்பைப் பார்த்துத்தான் பல பிரின்டர்கள் அதை ஏற்கின்றன. 2016 செப்டம்பரில் ஹெச்.பி-யின் சில மாடல்கள் பிற நிறுவனக் கார்ட்ரிட்ஜ்களைத் திடீரென நிராகரித்தன. எதிர்ப்பு எழுந்ததும், அந்தத் தடையை நீக்கும் ஃபர்ம்வேரை நிறுவனம் வெளியிட்டது. ஆனாலும், இப்படிப்பட்ட தடை இன்றும் பல மாடல்களில் இருக்கிறது. புதிய பிரின்டர் வாங்கும்போதே இதைக் கேட்டுவிடுவது நல்லது.

வாரன்டி போய்விடுமா?

வேறு இங்க் போட்ட ஒரே காரணத்துக்காக வாரன்டி முழுவதும் ரத்து என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. ஆனால், அந்த இங்க்கால்தான் பழுது என்று தெரிந்தால் இலவச சர்வீஸ் கிடைக்காது. எனவே, வாரன்டி முடியும்வரை ஒரிஜினலே பாதுகாப்பு.

வாங்கும் முன் கவனிக்க...

* விலையைப் பக்க எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 900 ரூபாய் கார்ட்ரிட்ஜ் 180 பக்கம் தந்தால், பக்கத்துக்கு 5 ரூபாய்.
* ஒரே கார்ட்ரிட்ஜில் எக்ஸ்எல் அளவு இருந்தால் அதையும் இதே கணக்கில் ஒப்பிடுங்கள். பெரும்பாலும் அதுவே லாபம்.
* வாரம் ஒரு கலர் பக்கமாவது பிரின்ட் எடுங்கள். மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் ஒரிஜினல் இங்க்கும் உலர்ந்து அடைக்கும்.
* ஹெட் கிளீனிங்கை அடிக்கடி ஓட்டாதீர்கள். அதற்கும் இங்க்தான் செலவாகிறது.
* பெட்டியின் சீல், காலாவதித் தேதி பார்த்து, பில் கேட்டு வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

மாதத்துக்குப் பத்துப் பக்கம்தான் தேவை என்றால், தெருமுனை ஜெராக்ஸ் கடையே சிக்கனம். வீட்டிலேயே பிரின்டர் இருப்பவர்கள், இன்றே மூடியைத் திறந்து ஹெட் எங்கே என்று பார்த்துவிடுங்கள். அடுத்த முறை இரவு 9 மணிக்குக் கடையில் நின்று குழம்ப வேண்டியிருக்காது.