மடியில் குழந்தை, எதிரில் ஏர்பேக்: இரண்டு சீட் வண்டியின் கணக்கு

மனைவியின் தம்பி போன மாதம் ஒரு பழைய வேன் வாங்கினான். முன்னால் இரண்டு சீட், பின்னால் சாமான் ஏற்ற வெறும் தளம், அவ்வளவுதான். மணலியிலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கடைகளுக்குத் தண்ணீர் கேன் போடுகிறான். வண்டியைக் காட்ட வீட்டுக்கு வந்தவன் டேஷ்போர்டைத் தட்டிச் சொன்னான்: "மாமா, ரெண்டு பக்கமும் ஏர்பேக் இருக்கு. பாப்பாவை இவ மடியில வச்சுக்கிட்டா போதும். பைக்கை விட சேஃப்."

பாப்பாவுக்கு இரண்டே கால் வயது. 11 கிலோ.

"சரிடா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏர்பேக் இருந்தால் பெரியவருக்கு நல்லது, அது தெரியும். குழந்தைக்கு? அதிலும் பின்சீட்டே இல்லாத வண்டியில்? இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தேன். அதன் குறிப்புகள்தான் இது.

முதலில் மடி

பள்ளிக்கூட பிசிக்ஸ் போதும். வண்டி 40 கி.மீ. வேகத்தில் போகிறது. விநாடிக்கு 11.1 மீட்டர். மோதி நிற்க ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது வேகக் குறைவு விநாடிக்கு விநாடி 111 மீட்டர். 11 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த வேண்டிய விசை சுமார் 1,220 நியூட்டன். நம் பாஷையில், 125 கிலோ எடையைத் தாங்குவதற்குச் சமம். அதாவது அஞ்சு அரிசி சிப்பம். எந்த அம்மாவின் கையும் அதைப் பிடிக்காது. பாசம் இல்லாததால் அல்ல, தசைக்கு அவ்வளவு பலம் கிடையாது.

"ஒரே பெல்ட்டை ரெண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டா?" என்று அவன் கேட்டான். அது இன்னும் மோசம். முன்னால் பாயும் அம்மாவின் மொத்த எடையும் பெல்ட்டுக்கு நடுவில் மாட்டிய குழந்தையை நசுக்கும்.

அடுத்து ஏர்பேக்

ஏர்பேக்கை நாம் தலையணை மாதிரி கற்பனை செய்கிறோம். உண்மையில் அது கட்டுப்படுத்தப்பட்ட ஒரு சின்ன வெடிப்பு. மோதலை சென்சார் உணர்ந்ததும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒரு மின்துடிப்பு அனுப்பும். அது ரசாயனத்தைப் பற்றவைக்கும், வாயு பையை நிரப்பும். கண் சிமிட்டும் நேரத்தை விடக் குறைவான நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதற்காகப் பை மணிக்கு 200, 300 கி.மீ. வேகத்தில் வெளியே பாய வேண்டும்.

பெரியவர் ஒருவர் பெல்ட் போட்டு, டேஷ்போர்டிலிருந்து தள்ளி உட்கார்ந்திருந்தால், பை முழுசா விரிந்த பிறகுதான் அவர் அதில் சாய்வார். சாயும்போது காற்று வெளியேறி அவரை மெதுவாக நிறுத்தும். வடிவமைப்பே அந்த ஆளுக்கானதுதான். ஏர்பேக் மூடியில் எஸ்.ஆர்.எஸ். என்று பொறித்திருப்பார்கள். அதில் முதல் 'எஸ்' துணை என்ற பொருளில் வருவது. பெல்ட்டுக்குத் துணை, பெல்ட்டுக்குப் பதில் அல்ல.

மடியில் இருக்கும் குழந்தைக்கு அந்த இடைவெளி இல்லை. அம்மாவுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில்தான் அது இருக்கிறது. மோதலுக்கு முன் பிரேக் அடித்ததுமே இன்னும் முன்னால் சரியும். பை வெளியே வரும் கணத்தில் குழந்தையின் தலை அதன் வாசலிலேயே இருக்கும். வேகம் உச்சத்தில் இருக்கும் இடம் அதுதான். குழந்தையின் தலை உடம்போடு ஒப்பிட்டால் பெரிது, கழுத்து பலவீனம். மீதியை நான் விவரிக்க வேண்டாம்.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. 2024-ல் கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் முன்சீட்டில் தாயின் மடியில் இருந்த 2 வயதுக் குழந்தை. அதே ஆண்டு டிசம்பரில் நவி மும்பை வாஷியில் முன்சீட்டில் இருந்த 6 வயதுச் சிறுவன். 2025 அக்டோபரில் நம்ம பக்கத்திலேயே, திருப்போரூர் அருகே, தந்தையின் மடியில் இருந்த 7 வயதுச் சிறுவன். மூன்று செய்திகளிலும் ஏர்பேக் விரிந்தது, குழந்தை போய்விட்டது.

மணலி ரோடு எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளும் டேங்கர்களும் முன்னும் பின்னும். முன்னால் போகிற டிரெய்லர் சட்டென்று நிற்கும். இங்கே நடப்பதில் பாதி, மெதுவான வேகத்தில் பின்னால் போய் இடிப்பதுதான். பெல்ட் போட்ட பெரியவர் இறங்கிச் சண்டை போடுகிற அளவு விபத்து. ஏர்பேக் வெடிக்க அதுவே போதுமானதாக இருக்கலாம்.

அமெரிக்கா ஏற்கெனவே படித்த பாடம்

1991-ல் போட்ட சட்டத்தின்படி, அங்கே 1998 மாடல் கார்களிலும் 1999 மாடல் இலகுரக டிரக்குகளிலும் முன்னால் இரண்டு ஏர்பேக் கட்டாயம். ஆனால் அதற்குள்ளேயே, பிழைத்திருக்க வேண்டிய சின்ன விபத்துகளில் ஏர்பேக் அடித்துக் குழந்தைகள் இறப்பது தெரியவந்தது. 1990 முதல் 2008 வரை இப்படி 290-க்கும் மேற்பட்டோர் இறந்ததாகக் கணக்கு. அதில் இறந்த பயணிகளில் மிகப் பெரும்பாலோர் குழந்தைகள்.

குழந்தையைப் பின்சீட்டில் உட்காரவை என்பதுதான் எளிய தீர்வு. பின்சீட்டே இல்லாத பிக்கப் வைத்திருப்பவர் என்ன செய்வார்? என் மச்சானின் கேள்வி அங்கே முப்பது வருஷத்துக்கு முன்பே வந்துவிட்டது. 1995-ல் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம், பின்சீட் இல்லாத வண்டிகளிலும், பின்பார்த்த குழந்தை இருக்கை வைக்கப் பின்சீட் போதாத வண்டிகளிலும், பயணி பக்க ஏர்பேக்கை அணைக்கச் சாவி சுவிட்ச் பொருத்த அனுமதித்தது. 1997-ல் பையின் வேகத்தைக் குறைக்க வழிவிட்டது. 2003 முதல் 2006-க்குள், சீட்டில் இருப்பவரின் எடையை உணர்ந்து தானே அணையும் வகை ஏர்பேக்குகள் படிப்படியாக வந்தன.

நம் நாட்டில் 2021 ஏப்ரல் முதல் புதிய மாடல் பயணிகள் கார்களிலும், அந்த ஆண்டு இறுதிக்குள் பழைய மாடல்களிலும் முன்பயணி ஏர்பேக் கட்டாயமானது. நல்ல விதி. ஆனால் மடியில் குழந்தையை வைக்கும் பழக்கம் அப்படியே இருக்கிறது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கொண்டுபோனால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. யாரும் அதற்குப் பயப்படுவதாகத் தெரியவில்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்

மச்சானிடம் சொன்னதை வரிசையாக எழுதுகிறேன்.

1. முதல் வழி, அந்த வண்டியில் குழந்தையை ஏற்றாமல் இருப்பது. சாமான் தளத்தில் உட்காரவைப்பது தீர்வே இல்லை. அங்கே பெல்ட் கிடையாது, போதாததற்குக் கேன்கள் வேறு மேலே உருளும்.

2. ஏற்றியே ஆகவேண்டும் என்றால், பயணி ஏர்பேக்கை அணைக்கும் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் டேஷ்போர்டின் இடது ஓரத்தில், கதவைத் திறந்தால் தெரியும், சாவி போட்டுத் திருப்புவது. அணைத்ததும் அதற்கான விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பெரியவர் உட்காரும்போது மறக்காமல் திரும்பப் போட வேண்டும்.

3. பின்பார்த்த குழந்தை இருக்கையை, வேலை செய்கிற ஏர்பேக்குக்கு முன்னால் ஒருபோதும் வைக்கக் கூடாது. அதன் முதுகு டேஷ்போர்டை ஒட்டியே இருக்கும். பை நேராக அதை அடித்து, குழந்தையின் தலையோடு சேர்த்துப் பின்னால் தள்ளும். ஐரோப்பாவில் இதைச் சட்டமே தடுக்கிறது. சன் வைசரில் குழந்தை இருக்கைப் படத்தின் குறுக்கே கோடு போட்ட ஸ்டிக்கர் இருக்கும். அது சொல்வது இதைத்தான்.

4. சுவிட்ச் இல்லை, குழந்தை முன்பார்த்த இருக்கைக்கு வளர்ந்துவிட்டது, வேறு வழியும் இல்லை என்றால்: சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளி, வார்களை இறுக்கிக் கட்ட வேண்டும். குழந்தை முன்னால் குனிய முடியாதபடி இருக்க வேண்டும். இது ஆபத்தைக் குறைக்கும், நீக்காது.

5. வண்டியின் கையேட்டில் குழந்தை இருக்கைக்கான அட்டவணையைத் தேடுங்கள். முன்பயணி சீட்டுக்கு நேராக 'எக்ஸ்' என்று இருந்தால், அங்கே எந்தக் குழந்தை இருக்கையும் கூடாது என்று பொருள்.

6. ஃபியூஸைப் பிடுங்குவது, மஞ்சள் கனெக்டரைக் கழற்றுவது போன்ற மெக்கானிக் வைத்தியம் வேண்டாம். அந்த மஞ்சள் நிறமே எச்சரிக்கைதான். கைதவறினால் பை அங்கேயே வெடிக்கலாம். ஃபியூஸ் போனால் டிரைவர் ஏர்பேக்கும், பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் கருவியும் சேர்ந்தே போகலாம்.

ஒன்று கவனிக்க வேண்டும். இதைப் படித்துவிட்டு "அப்ப பைக்லயே போறோம்" என்று டேங்க் மேல் குழந்தையை உட்காரவைத்தால் நான் எழுதியதே வீண். அதற்கும் 2023 பிப்ரவரியிலிருந்து விதி உண்டு: 9 மாதம் முதல் 4 வயது வரை குழந்தைக்கு வார்ப்பட்டையும் ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40 கி.மீ.க்கு மேல் கூடாது.

போன ஞாயிறு இருவரும் வேனில் உட்கார்ந்து தேடினோம். சுவிட்ச் இல்லை. கையேட்டில் முன்பயணி சீட்டுக்கு நேராக 'எக்ஸ்'. அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இத்தனை நாள் ரெண்டு ஏர்பேக்குன்னு சொல்லிச் சொல்லி சந்தோஷப்பட்டேன் மாமா" என்றான்.

பாப்பாவின் பள்ளி ஒன்றரை கிலோமீட்டர். தாத்தா நடத்திக்கொண்டு போகிறார், மழை என்றால் பஸ். ஊருக்குப் போகும்போது என் காரை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், பின்சீட்டில் குழந்தை இருக்கையோடு. கேன் வேலைக்கு வேன் வழக்கம்போல ஓடுகிறது. கூட வரும் பையனும் பெல்ட் போடுகிறான்.

உங்கள் வண்டியில் இடதுபக்க சன் வைசரை ஒரு தடவை கீழே இறக்கிப் பாருங்கள். அந்த ஸ்டிக்கரை நம்மில் பலர் இதுவரை படித்ததே இல்லை. நானும்தான்.