கார்டு செய்ய என்ன வாங்கலாம்? தங்கைக்கு எழுதிய சீட்டும் அதன் விளக்கமும்

போன மாசம் திண்டுக்கல்லிலிருந்து சித்தி மகள் போன் பண்ணினாள். "அக்கா, குழுவுல பதினஞ்சாயிரம் லோன் எடுத்திருக்கேன். பத்திரிகை, பர்த்டே கார்டு, மொய்க் கவர் எல்லாம் வீட்லயே செஞ்சு விக்கலாம்னு இருக்கேன். என்னென்ன வாங்கணும்னு ஒரு லிஸ்ட் குடுக்கா." பின்னாடியே வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கைப்பிடி சுற்றினால் இரண்டு உருளைகளுக்கு நடுவே காகிதம் போய் பூவாகவும் பட்டாம்பூச்சியாகவும் வெட்டுப்பட்டு வருமே, அந்த டை கட்டிங் மெஷின். "இது ஒன்னு வாங்கிட்டா போதும்ல?"

யோசிச்சு சொல்றேன் என்று போனை வைத்துவிட்டேன். உடனே பதில் சொல்ல முடியாததற்குக் காரணம் என் அலமாரி. காகித வேலை எனக்குப் பொழுதுபோக்குதான். ஆனால் எட்டு வருஷமாக எதை வாங்கினாலும் தேதி, விலையோடு ஒரு நோட்டில் எழுதி வைக்கிற பழக்கம் உண்டு. அன்றைக்கு ராத்திரி அதை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே "கடைசியாக எப்போது தொட்டேன்" என்று எழுதிப் பார்த்தேன். விலை கூடிய சாமான்கள் எல்லாம் மேல்தட்டில் தூசி படிந்து கிடந்தன. வாரா வாரம் கைக்கு வருகிறவை மொத்தமும் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்குள் அடங்கிவிட்டன. அவளுக்கு எழுத வேண்டியது அந்த டிபன் பாக்ஸைப் பற்றித்தான் என்று தோன்றியது. ஆனால் கருவிக்கு முன்னால் காகிதத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் எதை வாங்கினாலும் வீண். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

தம்பி கல்யாணத்துக்கு 120 பத்திரிகை நானே கையால் செய்கிறேன் என்று வீட்டில் வீம்பு பிடித்தேன். பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போய் அரக்குச் சிவப்பில் 300 ஜிஎஸ்எம் அட்டை, ஏ4 அளவில் வாங்கி வந்தேன். மேல்பக்கம் மட்டும் சிவப்பு, உள்ளுக்குள் வெள்ளை. சரியாக நடுவில் மடித்தேன். மடித்த இடமெல்லாம் சிவப்பு வெடித்து உள்ளே இருந்த வெள்ளை பல்லைக் காட்டியது. 120-ம் அப்படித்தான். மறுநாள் குலதெய்வம் கோயிலில் முதல் பத்திரிகை வைக்க வேண்டும். அம்மா ஒன்றும் பேசாமல் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவை எடுத்து ஒவ்வொரு கார்டின் முதுகிலும் தடவ ஆரம்பித்தாள். விடியற்காலை மூன்று மணிக்கு பேனா தீர்ந்துபோனது. மிச்சத்துக்கு நெயில் பாலிஷ். அந்தப் பத்திரிகை இன்னும் சொந்தக்காரர்கள் வீட்டில் இருக்கும். எங்கே கண்ணில் பட்டாலும் முதுகைத்தான் முதலில் பார்ப்பேன்.

அப்புறம் ஒரு பழைய பைண்டிங் கடைக்காரர்தான் விளக்கினார். அட்டையைக் கையில் வாங்கி, நீளவாக்கில் லேசாக வளைத்தார், அகலவாக்கில் வளைத்தார், திருப்பிக் கொடுத்தார். "நாரு குறுக்கே போகுதும்மா. குறுக்கே ஒடிச்சா வெடிக்காம என்ன பண்ணும்?"

நார் என்று அவர் சொன்னதன் பின்னணி இது. கையால் காகிதம் செய்கிறவர் கூழை சல்லடைச் சட்டத்தில் அள்ளி நாலாபக்கமும் ஆட்டுவார். நார்கள் எல்லாத் திசையிலும் கலந்து படியும். 1799-இல் பிரான்சில் லூயி நிக்கோலா ரொபேர் என்பவர் காகித இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதிலிருந்து வளர்ந்த இயந்திரங்களில் கூழ், ஓடிக்கொண்டே இருக்கும் வலைமேல் விழுகிறது. ஆற்றில் போட்ட வைக்கோல் நீரோட்டத்தோடு திரும்பிக்கொள்கிற மாதிரி, பெரும்பாலான நார்கள் வலை ஓடும் திசையிலேயே படுத்துவிடுகின்றன. அதனால் ஆலைக் காகிதம் எதற்கும் ஒரு வாக்கு உண்டு. அந்த வாக்கோடு மடித்தால் வழவழவென்று மடியும். குறுக்கே மடித்தால் நார்களை ஒடிக்க வேண்டியிருக்கும், மேல்பூச்சு வெடிக்கும். விறகை நீளவாக்கில் பிளப்பதற்கும் குறுக்கே வெட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

கடையில் கிடைக்கும் ஏ4 தாள்கள் பெரும்பாலும் 297 மில்லிமீட்டர் நீளப் பக்கத்தோடு நார் ஓடும்படி வெட்டப்பட்டவை. அதை நடுவில் மடித்து ஏ5 கார்டு ஆக்கினால் மடிப்பு நாருக்குக் குறுக்கே விழுகிறது. நான் செய்த தப்பு அதுதான். அதே தாளை முதலில் இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மடித்து ஏ6 கார்டு ஆக்கினால் மடிப்பு நாரோடு ஒத்துப்போகிறது. ஒரே தாள், ஒரே கடை. ஒன்று வெடிக்கும், மற்றது வெடிக்காது. சந்தேகம் இருந்தால் ஒரு சின்னச் சதுரம் வெட்டி ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் தடவுங்கள். நார்கள் ஈரத்தில் நீளத்தைவிடக் குறுக்கில்தான் அதிகம் உப்பும். அதனால் தாள் பாய் மாதிரி சுருளும். சுருளின் குழாய் எந்தத் திசையில் நிற்கிறதோ அதுதான் நார் ஓடும் திசை.

இன்னொரு சோதனைக்குச் சமையலறைத் தராசு போதும். ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். ஏ0 தாள் ஒரு சதுர மீட்டர், அதில் பதினாறில் ஒரு பங்கு ஏ4. ஆகவே 16 ஏ4 தாளை அடுக்கித் தராசில் வைத்தால் காட்டுகிற கிராம்தான் ஜிஎஸ்எம். ஒரு கடையில் 300 என்று சொல்லிக் கொடுத்த அட்டை என் தராசில் 250 காட்டியது. அதிலிருந்து புதுக் கடையில் முதலில் 16 தாள் மட்டும்தான் வாங்குவேன். அரைத்தது, பொடித்தது நிறுக்க வீட்டில் டிஜிட்டல் தராசு இருக்கிறவர்களுக்கு இது செலவில்லாத கருவி.

இனி டிபன் பாக்ஸ்.

முதலில் ஃபோல்டர். மாட்டெலும்பில் செய்தது எலும்பு ஃபோல்டர் என்ற பெயரிலேயே கிடைக்கிறது. ஒரு சாண் நீளம், ஒரு முனை கூர், ஒரு முனை மழுங்கல். பிளாஸ்டிக்கிலும் உண்டு. இரண்டு வேலை செய்யும். கூர் முனையால் ஸ்கேல் ஓரமாகக் கோடு அழுத்துவது, மடித்த பிறகு பக்கவாட்டால் மடிப்பைத் தேய்த்து உட்கார வைப்பது. கரும்பச்சை, அரக்கு மாதிரி அடர் நிறத் தாளில் நேராகத் தேய்த்தால் ஒரு மினுமினுப்புத் தடம் விழுந்துவிடும். நடுவில் பட்டர் பேப்பர் வைத்துத் தேய்க்க வேண்டும். டெஃப்லான் ஃபோல்டர் தடம் போடாது, ஆனால் விலை அதிகம். எனக்கு பட்டர் பேப்பரே போதும்.

கோடு அழுத்துவதற்கென்று உருண்டை முனை வைத்த ஸ்டைலஸ் விற்கிறார்கள். தீர்ந்துபோன பால்பாயிண்ட் ரீஃபில் அதே வேலையைச் செய்கிறது. கீழே நாலைந்து நியூஸ்பேப்பர் விரித்துக்கொண்டால் கோடு ஆழமாக விழும். இங்கே நிறையப் பேர் தப்புப் பண்ணுவது மடிக்கிற திசையில். அழுத்தினால் ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மேடு. கை தானாகப் பள்ளத்துக்குள் மடிக்கப் போகும். மடிக்க வேண்டியது எதிர்ப்பக்கம். மேடு உள்ளே போக வேண்டும், பள்ளம் வெளியே. அழுத்தின இடத்தில் அட்டையின் அடுக்குகள் கொஞ்சம் பிரிந்து தளர்கின்றன. அந்தப் புடைப்பு உள்பக்கம் ஒதுங்கிக்கொண்டு கீல் மாதிரி வேலை செய்யும்போது வெளிப்பூச்சுக்கு இழுவை குறைகிறது. பிரஸ்ஸில் கிரீசிங் என்று மெஷினில் செய்வதும் இதேதான்.

அடுத்தது கட்டர். ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் 9 மில்லிமீட்டர் பிளேடு போட்டது. இதன் கதை சுவாரசியமானது. 1956-இல் ஒசாகாவில் ஒக்காடா யோஷியோ என்பவர் கண்டுபிடித்தது. செருப்புத் தைப்பவர்கள் கண்ணாடிச் சில்லு மழுங்கினால் ஒடித்துப் புது விளிம்பு எடுத்துக்கொள்வதும், கட்டங்கட்டமாக ஒடியும் சாக்லேட்டும்தான் அவருக்கு யோசனை கொடுத்தன என்று அவர் ஆரம்பித்த கம்பெனி சொல்கிறது. ஒல்ஃபா என்ற பெயரே ஜப்பானிய மொழியில் "ஒடிக்கும் அலகு" என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. அந்தப் பெயரிலேயே உபயோகமும் அடங்கியிருக்கிறது: ஒடிக்க வேண்டும். நம் வீடுகளில் அதுதான் நடக்காது. பிளேடு முழுசாக இருக்கிறதே என்று மழுங்கின நுனியை அழுத்தி அழுத்தி வெட்டுவோம். தாள் ஓரம் பிசிறும், ஸ்கேலிலிருந்து கத்தி வழுக்கும், விரல் போகும். தடித்த அட்டை என்றால் ஒரே இழுப்பில் வெட்டப் பார்க்காமல் லேசாக மூன்று முறை இழுங்கள். ஒடித்த துண்டுகளை மூடி போட்ட பழைய டப்பாவில் சேர்த்து வையுங்கள். குப்பை அள்ள வருகிறவர் கையைக் கிழிக்க வேண்டாம்.

ஸ்டீல் ஸ்கேல், அடியில் கார்க் ஒட்டினது கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் நாமே ரப்பர் ஷீட் துண்டு ஒட்டிக்கொள்ளலாம். பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து வெட்டாதீர்கள், கத்தி ஸ்கேலையே சீவிவிடும். கட்டிங் மேட் ஏ3 அளவில் ஒன்று. வெயிலில் வைக்கக் கூடாது, மேலே சூடான காபி டம்ளர் வைக்கக் கூடாது. வளைந்துவிட்டால் நிமிர்த்த முடியாது. என்னுடைய முதல் மேட் மொட்டை மாடிக் கதவோரம் ஒரே மத்தியானத்தில் அப்பளமானது.

ஒட்டுகிற சாமான்தான் நம் ஊர் சீதோஷ்ணத்தில் பெரிய தலைவலி. வெள்ளைப் பசை நல்ல பசைதான், ஃபெவிகாலுக்கு ஈடில்லை. ஆனால் அதில் இருக்கும் தண்ணீர் நாரை உப்பவைக்கும். அகலமான தாளைத் தடவி ஒட்டினால் அலை அலையாக எழும். அதனால் பூ, இலை, க்வில்லிங் சுருள் மாதிரி சின்னத் துண்டுகளுக்குப் பசை, பெரிய பரப்புக்கு டபுள் சைடு டேப். இரண்டு தாளைப் பரப்போடு ஒட்டும்போது இரண்டின் நாரும் ஒரே திசையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் கார்டு வளையும். டேப்பில் மட்டும் மலிவு பார்க்க வேண்டாம். நான் வாங்கின மலிவு டேப் ஒரு கோடைக்குள் மஞ்சளாகி, பிசுபிசுத்து, வெள்ளைத் தாளுக்கு மேலே தெரிந்தது. பேக்கிங்கில் "ஆசிட் ஃப்ரீ" என்று இருக்கிறதா பாருங்கள். விற்பனைக்குச் செய்கிறவர்களுக்கு இது முக்கியம். மஞ்சளாகும்போது நாம் பக்கத்தில் இருக்க மாட்டோம், வாங்கினவர் அலமாரியில் இருக்கும்.

க்வில்லிங் ஊசிக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஈர்க்குச்சியின் நுனியை பிளேடால் கொஞ்சம் பிளந்தால் போதும், தாள் நுனியைச் செருகிச் சுற்றலாம்.

சரி, அந்த மெஷின். நல்ல கருவிதான், குறை சொல்ல மாட்டேன். என் மேல்தட்டிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் மெஷின் விலையோடு செலவு நிற்பதில்லை. ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு டை தனியாக வாங்க வேண்டும். வெட்டு விழுகிற பிளாஸ்டிக் தட்டுகள் தேய்ந்து வளையும், மாற்ற வேண்டும். பட்டாம்பூச்சி டை வாங்கினால் எல்லா கார்டிலும் பட்டாம்பூச்சி பறக்கும். நிறைய எண்ணிக்கையில் ஒரே வடிவம் வேண்டும் என்று ஆர்டர் வந்தால், பிளைவுட்டில் எஃகுப் பட்டையை வளைத்துப் பதித்து டை செய்து பஞ்சிங் போட்டுத் தர பிரஸ் வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். அந்தக் கூலியை வாடிக்கையாளர் கணக்கில் சேர்த்துவிடலாம். கடன் வாங்கின காசு மேல்தட்டில் உட்காரக் கூடாது. வட்டி மட்டும் உட்காராமல் ஓடும்.

எம்பாஸிங் பவுடரை உருக்கும் ஹீட் கன்னும் இப்போதைக்கு வேண்டாம். ஹேர் டிரையர் வைத்துச் சமாளிக்கலாமா என்று கேட்பாள், தெரியும். அது பவுடரை உருக்காது, ஊதித் தள்ளும்.

இவ்வளவையும் எழுதி, கடைசியில் சீட்டு: ஃபோல்டர், கட்டர், பிளேடு பாக்கெட் இரண்டு, ஸ்டீல் ஸ்கேல், மேட், நல்ல டேப், மீதிக் காசில் ஒரு பகுதிக்கு நல்ல அட்டை. மிச்சத்தைக் குழுவிலேயே திருப்பிக் கட்டு என்று அனுப்பினேன். "இவ்வளவுதானா?" என்று ஒரு செய்தி. கொஞ்சம் ஏமாற்றம் என்று நினைக்கிறேன். மெஷின் படத்தை மறுபடி அனுப்பவில்லை.

போன வாரம் முதல் ஆர்டர். பக்கத்துத் தெருவில் ஒரு காதுகுத்து, 60 கார்டு, ஏ6. மடிப்புகளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். ஒன்றுகூட வெடிக்கவில்லை. அம்மாவிடம் காட்டினேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதுகைத்தான் பார்த்தாள்.

ராத்திரி போன் வந்தது. "எல்லாம் சரியா வருதுக்கா. கடைசி இருபது கார்டுல மட்டும் ஓரம் பிசிறு அடிக்குது. அட்டை சரியில்லையோ?"

"பிளேடு எத்தனை தடவை ஒடிச்ச?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இன்னும் ஒடிக்கவே இல்லக்கா. புதுசா இருக்கேன்னு பாத்தேன்."