வெட்டுவதற்கு முன் தாங்கல்: பழைய எம்ஜிபி காரின் உடற்சட்டகம்

மாணவர்களே, 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் தயாரான எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். திறந்த காரில் கூரையும் இல்லையே! அதனால் கதவுக்குக் கீழுள்ள பெட்டி போன்ற தகட்டுப் பகுதிதான் பெரும் பாரத்தைத் தாங்குகிறது. அது துருப்பிடித்தால் கார் நடுவில் தொய்யும். கதவு சரியாக மூடாது.

துருவின் மேலேயே புதுத் தகடு வைத்தால் போதாதா? போதாது. உள்ளே துரு அரித்துக்கொண்டேதான் இருக்கும்.

முதலில் காரைச் சமமாகத் தாங்கி நிறுத்தி, கதவு இடைவெளியை அளந்து, கதவு வாயில் இரும்புக் குறுக்குத் தாங்கலைப் பொருத்தணும். பிறகே பழைய தகட்டை வெட்டணும். அதுவும் ஒரு பக்கம் முடிந்த பிறகுதான் மறுபக்கம். புதுத் தகட்டை முழுசாகப் பற்றவைக்கும் முன் கதவை மாட்டி, மூடிப் பாருங்க. தாங்கல் இல்லாமல் வெட்டினால், தொய்ந்த வடிவமே நிலைத்துவிடும்.

செயல்முறை விளக்கக் கட்டுரையிலும் இப்படித்தான்: படியோடு காரணத்தையும் எழுதுங்கள்.